மூன்று நாள் மருந்தும் மூன்று மாத மருந்தும்

கல்லூரி ஆண்டு மலரில் முகப்பருவைப்பற்றி எழுதுவதா என்று நகைப்பாரும் உளராவர். இலக்கியமும் சரித்திரமும் பேசவேண்டிய பக்கங்களில் இச்சிறு விஷயத்துக்கு இடம் எதற்கு என அவர் வினவலாம். ஆயினும் 12 வயது முதல் 24 வயது வரையுள்ளாரில் நூற்றுக்கு 85 பேர்வரை இந்நோய் எவ்வளவிலேனும் தொடுகின்றது என்று வைத்திய நூலார் கணக்கிட்டிருக்கின்றனர். அவ்வயதினரே இவ்விதழின் வாசகருள் பெரும்பாலோர். வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாளில் தலைவலி என்று சொல்லி விடுதியறையிலேயே தங்கிவிடுவாரையும், நன்றாகப் பேசவல்லவராயிருந்தும் தமிழ்ப் பேரவையில் மேடையேற மறுப்பாரையும், கோடை வெயிலிலும் கைக்குட்டையால் பாதி முகத்தை மறைத்துத் திரிவாரையும் நாம் அறிவோம். இந்நோயுடையாரிடத்து மனச்சோர்வும் கலக்கமும் மிகுந்து காணப்படுவதை ஆராய்ச்சியாளர் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆதலின் இதனைச் சிறு விஷயம் என்று கொள்ளுவதற்கு நாம் உடன்படோம்.

கல்யாணமானால் தானே போய்விடும் என்று வீட்டிலுள்ள பெரியோர் ஆறுதல் கூறுவது வழக்கம். பலர்க்கு வயது ஏற ஏற இந்நோய் குறைவது உண்மையே. ஆனால் அதற்குள் ஆழ்ந்து விழுந்துவிட்ட குழித்தழும்பு எந்தக் கல்யாணத்தாலும் போவதில்லை. முப்பது வயதுக்குமேலும் பருவோடு போராடும் பெண்மக்கள் பலர். காத்திருத்தல் சிகிச்சை ஆகாது.

எத்தனை மருந்து போட்டும் போகவில்லை என்பதே நம் மாணவர் பலருடைய முறையீடு. அவர்களிடம், எத்தனை நாள் போட்டீர் என்று கேட்டால், ஒன்றை ஒரு வாரம், மற்றொன்றைப் பத்து நாள், பின்னர் அறைத்தோழன் கொடுத்த ஒன்றை நான்கு நாள் என்று விடை வரும். மருந்தில்லாமையால் இந்நோய் நீடிப்பதில்லை. மெதுவாக வேலைசெய்யும் நல்ல மருந்தைக் காலத்துக்குமுன் கைவிடுவதாலும், விரைந்து பயன்காட்டும் தீய மருந்தைப் பற்றிக்கொள்வதாலுமே பெரும்பாலும் நீடிக்கின்றது என்பது எமது துணிபு.

நல்ல மருந்து ஏன் மெதுவாக வேலை செய்கின்றது? பரு தோன்றும் வகையை அறிந்தால் இது விளங்கும். தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்க்காலின் புறத்திலும் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. பூப்புக் காலத்தில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர்கள் மிகும்போது இச்சுரப்பிகள் அதிகமாக எண்ணெய் சுரக்கின்றன. மயிர்க்காலின் உட்புறத்தில் உதிரவேண்டிய தோற்செதில்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வாயிலை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில், இயல்பாகவே அங்கு வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்னும் நுண்ணுயிர் பெருகுகின்றது. பின்னர் வீக்கமும் சிவப்பும் சீழும் உண்டாகின்றன. முதலில் ஏற்படும் அடைப்பு கண்ணுக்குத் தெரியாத அளவினது. அது வெளியே பருவாகத் தோன்றப் பல வாரங்கள் செல்லும். இன்று காலை கண்ணாடியில் கண்ட பரு, சென்ற மாதமோ அதற்கு முந்தியோ விதை போட்டது. இன்று பூசும் மருந்து அப்பருவுக்குப் பெரிதும் உதவாது. இன்னும் முளைக்காதவற்றைத் தடுப்பதே அதன் தொழில். அதனாலேதான் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழிந்தபின்னரே மருந்தின் பயனைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று வைத்தியர் கூறுகின்றனர். அதனாலேயே, பரு எழுந்த இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வைப்பதும் பயனற்றது. பரு வரும் பகுதி முழுவதிலும் மெல்லியதாகப் பூசவேண்டும்.

பூச்சு மருந்துகளில் இரண்டை முதன்மையாகச் சொல்லலாம். ஒன்று பென்சாயில் பெராக்சைடு. இது நுண்ணுயிரைக் கொல்லுவது. கொன்றும், அவ்வுயிர் இம்மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெறுவதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு. மருந்துக்கடைக்குச் செல்லும் மாணவர் பெரிய எண்ணே பெரிய பலன் என்று கருதி நூற்றுக்கு 10 பங்குள்ளதைக் கேட்டு வாங்குகின்றனர். 2.5, 5, 10 ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 1986-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், வீங்கிய பருக்களைக் குறைப்பதில் 2.5 ஏனையவற்றுக்குச் சளைக்கவில்லை என்றும், எரிச்சலும் தோலுரிதலும் 10-இல் மிகுதி என்றும் கண்டனர். சிறியதை வாங்கி நெடுநாள் போடுவதே அறிவுடைமை. இம்மருந்து துணியின் சாயத்தை வெளுக்கும். விடுதியில் நீலத் தலையணையுறை வைத்திருப்போர் வெள்ளையுறைக்கு மாறிக்கொள்வது நலம். துண்டுக்கும் சட்டைக் கழுத்துக்கும் அதுவே விதி.

மற்றொன்று வைட்டமின் 'ஏ'யின் வழிவந்த ரெட்டினாய்டு வகை. டிரெட்டினாயின், அடப்பலீன் என்பன இவ்வகையின. அடைப்பைத் திறப்பதும் புதிய அடைப்பு உண்டாகாமல் காப்பதும் இவற்றின் வேலை. அடப்பலீன் நம்மவர்க்கு எளிதிற் பொறுக்கத்தக்கது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் கெடுவதில்லை. டிரெட்டினாயினோ ஒளியாலும் பென்சாயில் பெராக்சைடாலும் சிதைவது. இரவில் முகத்தைக் கழுவி, ஈரம் முற்றும் உலர்ந்தபின், பட்டாணியளவு எடுத்து முகம் முழுவதற்கும் அதுவே போதும் என்று பரப்பவேண்டும். முதல் சில வாரங்களில் முகம் வறண்டு செதிலாகும். பரு சிறிது கூடினாற்போலவும் தோன்றும். பெரும்பாலோர் கைவிடுவது இக்கட்டத்திலேதான். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசியும், எண்ணெய்ப்பசையற்ற ஈரப்பசைக் களிம்பு ஒன்றை உடன் சேர்த்தும் இவ்வாரங்களைக் கடந்துவிடலாம். கருவுற்ற பெண்டிர் இவ்வகை மருந்தைத் தவிர்க்கவேண்டும்.

இனி மூன்று நாள் மருந்துக்கு வருவோம். எம்முடைய கோபமெல்லாம் இதன்மேலேதான்.

மருந்துக்கடை மேசையின்முன் நின்று, முகத்துக்கு ஏதேனும் நல்ல களிம்பு கொடுங்கள் என்று கேட்கும் மாணவனுக்கு ஒரு டியூப் கிடைக்கின்றது. மூன்றாம் நாள் சிவப்பு அடங்குகின்றது, வீக்கம் வற்றுகின்றது, ஒரு வாரத்தில் முகம் வெளுத்து மினுக்குகின்றது. அவன் அதனை அறைத்தோழர் நால்வர்க்கும் எடுத்துச் சொல்லுகின்றான். அந்த டியூபில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. வீக்கத்தைத் தணிப்பது அதன் இயல்பு; கரப்பான், காளாஞ்சகப்படை முதலிய நோய்களில் வைத்தியர் கையில் அது சிறந்த மருந்தேயாம். முகப்பருவுக்கோ அது பகை. வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகின்றது. நுண்ணிய இரத்தக்குழாய்கள் செந்நூல்போல் வெளித்தெரிகின்றன. முகத்தில் மயிர் அரும்புகின்றது. அம்மருந்தாலேயே புதிய பருக்கள் கூட்டங்கூட்டமாக எழுகின்றன. அஞ்சி நிறுத்தினால் முகம் சிவந்து எரிகின்றது. எரிச்சல் தாளாமல் மீண்டும் அதனையே பூசுகின்றான். மீண்டும் மூன்று நாள் சுகம். நீங்காத பரு என்று பலர் வருந்துவதற்கு மூலம் இதுவே என்பதை அவர் அறிவதில்லை.

இது எம்முடைய கற்பனையன்று. நம் நாட்டில் 12 மருத்துவ நிலையங்களில் நடத்தப்பெற்று 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், முகத்தில் தோல்நோயுற்று வந்த 2,926 பேரைப் பார்த்தபோது 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அதனைச் சொல்லிக்கொடுத்தவர் வைத்தியர் அல்லர். பருவுக்கென்றே பூசினோரும் பலர். நிறம் வெளுக்கவேண்டிப் பூசினோரும் பலர். தோல் வைத்தியர்கள் விடாது முறையிட்டபின், 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென அட்டவணை 'எச்' என்னும் பட்டியலிற் கொண்டுவந்தது. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. சீட்டுக் கேளாத கடையும் தெருவில் இருக்கின்றது.

ஆகவே வாங்குவோரே படித்தறியவேண்டும். பெட்டியின் முகப்பில் பொறித்த அழகிய பெயரை நோக்கற்க. கீழே பொடியெழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களை நோக்குக. பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், டெக்சாமெதசோன், புளுஒசினொலோன் என்பவற்றுள் ஒன்று காணப்படின் அது பருவுக்குரிய களிம்பன்று. பூஞ்சைக் கொல்லியும் நுண்ணுயிர்க் கொல்லியும் ஸ்டீராய்டும் ஒருங்கே சேர்ந்த களிம்புகளும் உண்டு. எல்லா நோய்க்கும் இது ஒன்றே போதும் என்று இவற்றை விற்பர். ஏற்கெனவே மாதக்கணக்காகப் பூசிவருவோர் இதனைப் படித்தவுடன் வீசியெறிதலும் வேண்டா. தோல் வைத்தியரிடம் டியூபைக் காட்டி, அவர் சொல்லும் முறையில் நிறுத்துக.

இவ்வியாபாரம் தழைப்பதற்கு நம் சமூகத்தின் நிறமோகமே உரம் இடுகின்றது. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்கரான கிளிக்மன், வில்லிஸ் என்னும் இருவர், தோலின் கருமையைக் குறைக்கும்பொருட்டு ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், டெக்சாமெதசோன் என்னும் மூன்றையும் கூட்டி ஒரு கலவை கண்டனர். மங்கு முதலிய கறைகளுக்கு வைத்தியர் மேற்பார்வையில் சிலகாலம் மட்டும் பூசவேண்டிய அவ்வகைக் கலவை, நம் நாட்டில் ஸ்டீராய்டின் பெயர் மாறி, சிவப்பழகுக் களிம்பாய் இளைஞர் கைக்கு வந்துவிட்டது. வியப்பு யாதெனில், டிரெட்டினாயின் பருவுக்கு உதவுவதை 1969-ஆம் ஆண்டில் காட்டியவருள்ளும், மேற்சொன்ன 1986-ஆம் ஆண்டு ஆராய்ச்சியைச் செய்தவருள்ளும் அக்கிளிக்மனே ஒருவர்.

அவர் பெயர் மற்றோரிடத்தும் வரும். சாக்லேட்டு உண்டால் பரு வருமா என்று 1969-ஆம் ஆண்டில் அவரும் துணைவரும் 65 பேரைக் கொண்டு சோதித்து, வராது என்றனர். சாக்லேட்டுக்கு மாற்றாகக் கொடுத்த பண்டத்திலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அவ்வளவே இருந்தன. அச்சோதனைக்கு உதவி செய்தவரோ சாக்லேட்டு உற்பத்தியாளர் சங்கத்தார். சோதிக்கப்பட்டவருள் சிறைக்கைதிகளும் இருந்தனர். கைதிகளை அவர் அவ்வாறு பயன்படுத்திய முறை பிற்காலத்தில் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்ற கொள்கை நெடுங்காலம் இச்சோதனையைச் சாய்ந்து நின்றது. 2007-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் இளைஞரைக்கொண்டு 12 வாரம் நடத்திய சோதனையில், இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவைக் குறைத்தோர்க்குப் பரு குறைந்தது. இனிப்பையும் மைதாப் பண்டத்தையும் குறைப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை. அதுவே மருந்து என்று இருந்துவிடல் ஆகாது.

மாத்திரைகளைப்பற்றி. வீங்கிய பருக்கள் மிகுதியாயின் வைத்தியர் டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லியைத் தருவர். இதனைத் தனித்து உண்ணாமல், பென்சாயில் பெராக்சைடு முதலிய பூச்சோடு சேர்த்து, மூன்று அல்லது நான்கு மாதத்துக்குள் முடிப்பதே முறை. இல்லையேல் நுண்ணுயிர்கள் எதிர்ப்பாற்றல் பெறும். தொண்டை நோவுக்கு வாங்கி மிஞ்சிய அசித்ரோமைசினை முகத்துக்கென்று விழுங்கும் பழக்கம் விடுதிகளில் உண்டு. அது முகத்துக்கும் கேடு, தொண்டைக்கும் கேடு. டாக்சிசைக்ளினை ஒரு மிடறு நீரோடு விழுங்கி உடனே படுக்கையிற் சாய்ந்தால், அது உணவுக்குழலில் தங்கிப் புண்ணாக்கும். முழுக்குவளை நீர் பருகி, அரைமணி நேரமேனும் நிமிர்ந்திருத்தல் வேண்டும். வெயிலும் அக்காலத்தில் மிகச் சுடும்.

இவ்வளவும் முறைப்படி மூன்று மாதம் செய்தும் பரு அடங்காதாயின், வேறு காரணம் நாடவேண்டும். முதலாவது, அது பருவேதானா? நம் நாட்டுப் புழுக்கத்தில், நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவினவாய் அரிப்போடு எழும் சிறு கொப்புளங்கள் பல, மலசீசியா என்னும் பூஞ்சையால் வருவன. நுண்ணுயிர்க் கொல்லி அவற்றை மிகுவிக்குமேயன்றிக் குறைக்காது. நெற்றியோரத்தில் மட்டும் சிறு முத்துக்கள்போல் நெருங்கியிருப்பின் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை ஐயுறுக. தேங்காயெண்ணெய் வழிய வழியத் தலைவாரி, இரவில் அத்தலையோடே உறங்குதல் நம் மாணவியர் பலர்க்கு வழக்கம். அதனைக் குளிப்பதற்குமுன் தேய்த்து அலசிவிடலாம். காசநோய்க்குரிய ஐசோநயசிட், வலிப்புக்குரிய பெனிட்டாயின் முதலிய மாத்திரைகளாலும் பருப்போன்ற கொப்புளங்கள் வருவதுண்டு; அம்மருந்துகளைத் தாமே நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் கொடுக்கும் புரோட்டீன் பவுடரையும், அங்குக் கைமாறும் ஊசிகளையும் குறித்து இளைஞர் வைத்தியரிடம் ஒளித்தல் கூடாது. மாதவிடாய் ஒழுங்கற்று, முகமயிர் மிகுந்து, தாடையிலும் கழுத்திலும் பரு நிலைத்திருக்கும் மாணவியர் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்காகத் தம்மைப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். அவர்க்குப் பூச்சு மட்டும் போதாது.

ஆழ்ந்த கட்டிகளாய் வந்து குழி விழச்செய்யும் கொடிய பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் என்னும் மாத்திரை உண்டு. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி தந்தது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் ஆற்றல் உடையதாதலின், வேறெதற்கும் அடங்காத பரு இதற்கு அடங்குகின்றது. பலர்க்குப் பின்னர்த் திரும்புவதும் இல்லை. இதன் பெயரைக் கேட்டே அஞ்சுவாரை நாம் கண்டிருக்கின்றோம். நண்பன் சொல்லைக்கேட்டுத் தானே வாங்கி உண்பாரையும் கண்டிருக்கின்றோம். இரண்டும் பிழை. குழி விழுந்துகொண்டிருக்கும் முகத்துக்கு இதனை மறுத்து இன்னும் ஓராண்டு களிம்பு பூசுவது வீண்காலங் கடத்துவதாகும். ஆனால் கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் இருதயத்தையும் முகத்தையும் சிதைக்கவல்லது இம்மருந்து. உண்ணுங் காலத்திலும் நிறுத்தியபின் ஒரு மாதம்வரையிலும் பெண்டிர் கருத்தரிக்கலாகாது. அமெரிக்காவில் இதற்கெனவே 2006-ஆம் ஆண்டு முதல் பதிவுத் திட்டம் ஒன்று நடைபெறுகின்றது. கல்லீரலையும் இரத்தக் கொழுப்பையும் பரிசோதித்தே தரவேண்டும். உதடு வறண்டு வெடிப்பது எல்லார்க்கும் உண்டு. டாக்சிசைக்ளினோடு இதனைச் சேர்த்து உண்ணுதல் தலையினுள் அழுத்தத்தை மிகுவிக்கும். மனச்சோர்வு தோன்றின் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

பரு ஆறியபின் நிற்கும் கரும்புள்ளியைப் பருவென்றே எண்ணி மருந்து தோற்றது என்பாரும் உளர். நம்முடைய மாநிறத் தோலில் இப்புள்ளி பல மாதம் நிற்பது இயல்பு. கிள்ளாமலும், வெயிலில் மறைப்புக் களிம்பின்றித் திரியாமலும் இருந்தால் தானே மங்கும். எலுமிச்சஞ்சாற்றையும் பற்பசையையும் அதன்மேல் அப்பி, எரிந்த இடத்தில் மேலும் கருமை ஏற்றிக்கொள்வோர்க்கு நாம் என் சொல்ல? பாட்டி அரைத்துக் கொடுத்த சந்தனம் குளிர்ச்சி தரும். அது போதும் என்றிருந்தவர் முகம் இக்களிம்புகளுக்கு இரையானோர் முகத்தைக்காட்டிலும் நன்றாகவே இருக்கின்றது.

கல்லூரி அதிகாரிகளிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்கும் வந்தால் விடுதி மருத்துவ அறைக்கு மாணவர் தயங்காது செல்லுகின்றனர். முகப்பருவுக்குச் செல்ல நாணுகின்றனர். மாதம் ஒருமுறை தோல் வைத்தியர் ஒருவரை அங்கு வரவழைத்தல் பெருஞ்செலவன்று. அது கூடும்வரை, அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டென்பதையும், மேலே கூறிய ஸ்டீராய்டுப் பெயர்களையும் ஓர் அட்டையில் எழுதி விடுதிக் கண்ணாடியின் பக்கத்தில் மாட்டலாம். வைத்தியரைக் காணச் செல்லும் மாணவர், இதுவரை பூசிய டியூப்களையும் உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையிலிட்டுக் கையோடு கொண்டுசெல்லுக. பெயர் தெரியாத வெள்ளைக் களிம்பு என்று சொன்னால், அவர் அறிந்துகொள்ளக்கூடியது யாதும் இல்லை.